ராஸ்பெர்ரி பையில் கார் ஸ்டீரியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடுதிரையோடு ரெடிமேட் ஸ்டீரியோ கிடைக்கும்போது இதை எதற்குச் செய்ய வேண்டும்?

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகையைக் கார் ஸ்டீரியோவாக மாற்றுவதுதான் இங்கே பேச்சு. காசு மிச்சம் என்று நினைத்தால் செய்யாதீர்கள். பலகை, திரை, டேக் (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் சிப்), ஆம்ப் (அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது), பவர் சப்ளை, ஒயர், கனெக்டர் என்று கூட்டிப் பார்த்தால் ரெடிமேட் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சில நேரம் அதைத் தாண்டியும் போகும். இதில் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் எது எங்கே இருக்க வேண்டும், சாவி போட்டதும் எந்தப் பாட்டு தொடங்க வேண்டும், ஓட்டுநர் காதுக்கு ஒலி எப்படி வந்து சேர வேண்டும் என்பதையெல்லாம் நீங்களே தீர்மானிக்கலாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாட்டைப் பாடவைப்பது ஒரு மாலை வேலை, கார் தரும் மின்சாரத்தைச் சமாளிப்பதுதான் மீதி வேலை முழுவதும். கீழே பல கேள்விகள் மின்சாரத்தைச் சுற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எந்தப் பலகை நல்லது?

திரையே வேண்டாம், ஃபோனிலிருந்து புளூடூத்தில் பாட்டு வந்தால் போதும் என்றால் 2021இல் வந்த ஸீரோ 2 டபிள்யூ தாராளமாகப் போதும். சின்னது, குறைவாக மின்சாரம் இழுக்கும், சூடும் குறைவு. திரை, வரைபடம், ஃபோன் செயலிகளைக் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்றெல்லாம் ஆசை இருந்தால் பை 4 எடுங்கள். பை 5 வேகமானதுதான், ஆனால் அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும், 3 ஆம்பியர் சப்ளையில் ஓட்டினால் யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் போகும் மின்னோட்டத்தை அதுவே குறைத்துவிடும், போதாக்குறைக்கு 3.5 மிமீ ஆடியோ ஓட்டையையும் எடுத்துவிட்டார்கள். பாட்டு கேட்க அவ்வளவு பெரிய பலகை தேவையில்லை என்பது என் கருத்து.

கார் பேட்டரி 12 வோல்ட்தானே? ஃபோன் சார்ஜரைச் செருகி அதிலிருந்து எடுத்தால் போதாதா?

மேஜையில் வைத்துச் சோதிக்க, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்க, போதும். நிரந்தரமாக டேஷ்போர்டுக்குள் வைக்கப் போதாது.

அந்த 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். எஞ்சின் நிற்கும்போது முழு சார்ஜில் 12.6 இருக்கும், ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 13.8 முதல் 14.4 வரை தூக்கும், செல்ஃப் அடிக்கிற அந்த ஓரிரு நொடியில் 9க்கும் கீழே விழலாம். இது அன்றாடம் நடப்பது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால் என்ன ஆகும் தெரியுமா? சில நூறு மில்லிசெகண்டு நேரம் பல பத்து வோல்ட் வரை எகிறும். இதை லோட் டம்ப் என்பார்கள். 12 வோல்ட்டைப் பலகைக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைக்க எல்லோரும் வாங்குகிற எல்எம்2596 பக் கன்வர்ட்டர் தாங்குவது அதிகபட்சம் 40 வோல்ட். அது செத்தால் சமயத்தில் உள்ளே வரும் வோல்டேஜை அப்படியே வெளியே விட்டுவிடும், பலகையும் சேர்ந்தே போகும்.

ஆகவே பேட்டரி ஒயரிலிருந்து வரிசையாக இப்படிப் போகட்டும்: முதலில் ஃப்யூஸ், பிறகு தலைகீழாகக் கொடுத்தாலும் தப்பிக்க ஒரு டையோடு அல்லது மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), பிறகு எகிறும் வோல்டேஜை வெட்டும் எஸ்எம்சிஜே24ஏ போன்ற டிவிஎஸ் டையோடு, ஒரு காயில், ஒரு பெரிய கெப்பாசிட்டர், அப்புறம்தான் கன்வர்ட்டர். அந்த டிவிஎஸ் சுமார் 39 வோல்ட்டில் வெட்டிவிடும் என்பதால் 40 வோல்ட் கன்வர்ட்டருக்கு அது நூலிழை. 60 வோல்ட் வரை தாங்கும், வாகனத்துக்கென்றே செய்த கன்வர்ட்டர் கிடைத்தால் கேள்வியே வேண்டாம், அதையே வாங்குங்கள். அதன் மேல் 5 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 3 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு, ஏனென்றால் டேஷ்போர்டுக்குள் காற்றோட்டம் கிடையாது. எல்எம்2596இல் 3 ஆம்பியர் என்பதே உச்ச அளவு, அதைத் தொடர்ந்து இழுத்தால் விரல் வைக்க முடியாத சூடு வரும்.

திரை ஓரத்தில் மின்னல் குறி வருகிறதே?

பலகைக்கு வரும் வோல்டேஜ் 4.63க்குக் கீழே போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் எல்லோரும் சப்ளையைத்தான் திட்டுவார்கள், பல நேரம் குற்றவாளி மெல்லிய யுஎஸ்பி கேபிள். கன்வர்ட்டரைப் பலகைக்கு அருகிலேயே வைத்து, 5 வோல்ட் பக்கத்து ஒயரைக் குட்டையாகவும் தடிமனாகவும் போட்டு, கன்வர்ட்டரை 5.1 வோல்ட்டுக்குத் திருப்பி வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். தூரம் போக வேண்டியது 12 வோல்ட் பக்கம், 5 வோல்ட் பக்கம் அல்ல.

சாவியை எடுத்ததும் பலகை சட்டென்று அணைந்துவிடுமே, மெமரி கார்டு கெட்டுப் போகாதா?

கெடும். இன்றைக்கே கெடும் என்றில்லை, என்றைக்கு என்று சொல்ல முடியாது, அதுதான் தொல்லை. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு சிதையும், அடுத்த நாள் காலையில் கறுப்புத் திரைதான்.

இதற்கு இரண்டு வழி, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். முதலாவது, எழுதவே விடாமல் செய்வது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் அமைப்புகளில் ஓவர்லே கோப்பு அமைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்கினால் கார்டு படிக்க மட்டும் என்று ஆகிவிடும், மாற்றங்கள் எல்லாம் நினைவகத்தில் இருந்து அணைக்கும்போது மறைந்துவிடும். அப்போது எந்தப் பாட்டு எங்கே நின்றது என்பதும் மறந்துபோகும், இணைத்த ஃபோன்களும் மறந்துபோகும். அதற்காக எழுத முடிகிற சின்னப் பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாக விட்டு, அந்த இரண்டு விவரங்களை மட்டும் அங்கே வையுங்கள்.

இரண்டாவது, ஒழுங்காக அணைப்பது. காரில் எப்போதும் உயிரோடு இருக்கும் ஒயர் ஒன்று உண்டு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஏசிசி ஒயர் ஒன்று உண்டு. மின்சாரத்தை முதலாவதிலிருந்து எடுங்கள், ஏசிசியைத் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசிசியை நேராகப் பலகையின் ஜிபிஐஓ பின்னில் (சமிக்ஞை உள்ளே வெளியே போகும் முனை) கொடுத்தால் பலகை செத்தது, அந்தப் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஒளி வழியாக மட்டும் சமிக்ஞை கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றையும் ஒரு ரெசிஸ்டரையும் நடுவில் போட்டால் 12 வோல்ட் அந்தப் பக்கம், பலகை இந்தப் பக்கம். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அல்லது மாஸ்ஃபெட். அதை ஏசிசியும் பிடிக்கலாம், பலகையின் ஒரு பின்னும் பிடிக்கலாம் என்று அமைத்தால், சாவி போட்டதும் ஏசிசி தொடங்கி வைக்கும், சாவி எடுத்த பிறகு அணைந்து முடிக்கும்வரை பலகை தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், முடித்ததும் பின் கீழே விழும், ரிலே விடும்.

இங்கே இரண்டு கண்ணி. பல கார்களில் செல்ஃப் அடிக்கும்போது ஏசிசி ஒரு கணம் போய் வரும், ஆகவே ஏசிசி போனதும் உடனே அணைக்காமல் பத்து நொடியாவது காத்திருக்கச் சொல்லுங்கள். மற்றது இன்னும் விஷமம்: அணைந்துகொண்டிருக்கும் நடுவில் மறுபடி சாவி போட்டால், பலகை அணைந்து முடிந்திருக்கும், ஆனால் ஏசிசி ரிலேயைப் பிடித்துக்கொண்டே இருக்கும், மின்சாரம் போய் வரவே இல்லை என்பதால் பலகை எழுந்திருக்காது. இதை மென்பொருளால் முழுசாகத் தீர்க்க முடியாது. கடைசியில் எல்லோரும் ஏடிடைனி என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பையோ, வாகனத்துக்கென்று விற்கும் பவர் பலகையையோ நடுவில் வைத்து, மின்சாரத்தை ஒரு முறை வெட்டிக் கொடுக்கும் வேலையை அதனிடம் விட்டுவிடுகிறார்கள். முதலிலேயே அங்கே போய்விடுவது நல்லது.

அணைக்காமல் அப்படியே ஓட விட்டால்?

பை 4 சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 3 வாட் இழுக்கும். 12 வோல்ட் பக்கத்தில் கால் ஆம்பியர். ஒரு நாளுக்கு 6 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி நான்கே நாளில் பாதிக்கு வந்துவிடும், ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் கார் செல்ஃப் எடுக்காது. அணைத்த பிறகும் பலகை கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும், ரிலே வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

பலகையிலேயே ஆடியோ ஓட்டை இருக்கிறதே, டேக் எதற்கு?

கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். அந்த ஓட்டையில் வருவது நல்ல டேக் வழியாக வருவதல்ல, பிடபிள்யூஎம், அதாவது அகலம் மாறும் துடிப்புகளை வடிகட்டி எடுத்த ஒலி. அமைதியான இடங்களில் இரைச்சல் கேட்கும். பிசிஎம்5102ஏ சிப் உள்ள சின்ன டேக் பலகை வாங்கி டிஜிட்டல் ஒலிக்கான ஐ2எஸ் பின்களில், அதாவது ஜிபிஐஓ 18, 19, 21இல் இணைத்து, ஹைஃபைபெரி டேக் ஓவர்லே என்ற அமைப்பு வரியை இயக்கினால் வேலை முடிந்தது. 2.1 வோல்ட் வெளியீடு, ஆம்புக்குத் தாராளம்.

50 வாட் ஆம்ப் நான்கு சேனல் என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14.4 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கர். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8 வாட். 50 வாட் என்ற எண் பிறந்தது இந்தக் கணக்கில்தான், ஆனால் அது சதுர அலைக்கு. சீரான சைன் அலைக்கு அதில் பாதி, 26 வாட்டுக்குப் பக்கம், அதிலும் சிப்பில் ஏற்படும் இழப்பு போக மீதி. டிடிஏ7850இன் தரவுத்தாளிலேயே ஒரு வரியில் 50 வாட் என்றும் அடுத்த வரியில், 10% சிதைவோடு, 30 வாட் என்றும் இருக்கும். காருக்குள் உண்மையான 20 வாட் என்பது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் சத்தம், கவலைப்படாதீர்கள். டிபிஏ3116 மாதிரி டி வகை ஆம்ப் சூடு குறைவு, டிடிஏ வகை சூடாகும் ஆனால் ரேடியோவுக்குத் தொந்தரவு குறைவு. எஃப்எம் கேட்பவர் என்றால் நான் டிடிஏ பக்கம்.

கார் ஒயர்களில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் கனெக்டரில் அப்படியே செருகும் ஒயர்க் கொத்து, அதாவது காருக்கு ஏற்ற அடாப்டர் ஹார்னஸ் வாங்குங்கள், கார் ஒயரை வெட்டவே வெட்டாதீர்கள். தனி ஸ்டீரியோக்களில் வழக்கமான நிறம்: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த், நீலம் ஆன்டெனாவுக்கு, ஆரஞ்சு விளக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் ஸ்பீக்கருக்கு. காரின் உள் ஒயர்களுக்கு இந்த நிற விதி பொருந்தாது, அங்கே மல்டிமீட்டர் சொல்வதுதான் உண்மை. ஐஎஸ்ஓ கனெக்டரில் நான்காம் பின் நிரந்தரம், ஏழாம் பின் ஏசிசி, ஆனால் சில தயாரிப்பாளர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பார்கள், அளந்த பிறகே நம்புங்கள்.

மறக்கக்கூடாத ஒன்று: இந்த ஆம்ப்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சமிக்ஞை போகும். மைனஸ்தானே என்று அதை எர்த்தில் சேர்த்தால், நல்ல சிப்பாக இருந்தால் தன்னைக் காத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் புகை.

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கூடவே ங்ங்ங்ய்ய் என்று ஏறுகிற சத்தம் வருகிறதே?

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம், பெரும்பாலும் எர்த் லூப் வழியாக வருவது. பலகை ஓர் இடத்தில் எர்த், ஆம்ப் வேறோர் இடத்தில் எர்த், இரண்டுக்கும் நடுவில் மில்லிவோல்ட் கணக்கில் வித்தியாசம், அதை ஆம்ப் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆம்புக்குப் போகும் ஆடியோ கேபிளைப் பிடுங்குங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் ஆம்பின் பவர் ஒயரிலோ எர்த்திலோ கோளாறு. நின்றுவிட்டால் கேபிளைத் திரும்பச் செருகி, பலகையை மட்டும் ஒரு பவர் பேங்கில் ஓட்டுங்கள். இப்போது சுத்தமாகக் கேட்டால் எர்த் லூப் என்பது உறுதி. மருந்து: எல்லா எர்த்தையும் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்தில் சேர்ப்பது. அப்படியும் போகவில்லையென்றால் இரண்டு பக்கத்து எர்த்தும் சேராத, தனிமைப்படுத்தப்பட்ட டிசி கன்வர்ட்டரைப் பலகைக்குக் கொடுப்பது. ஆடியோ கேபிளில் மாட்டும் லூப் ஐசொலேட்டரும் வேலை செய்யும், ஆனால் மலிவானவை பேஸைத் தின்றுவிடும், ஆகவே அது கடைசியில்.

சத்தம் எஞ்சினோடு மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் கன்வர்ட்டரைச் சந்தேகியுங்கள்.

மென்பொருள் என்ன போடுவது?

எம்பிடி. பழைய, அலுப்பூட்டுகிற, நம்பகமான பின்னணி பிளேயர். விட்ட இடத்திலிருந்து தொடரும், திரை செத்தாலும் பாட்டு ஓடும், எந்த ஃபோனிலிருந்தும் கட்டுப்படுத்தலாம். அழகான திரை வேண்டும் என்றால் கோடி என்ற மீடியா பிளேயர், ஆனால் அது டிவிக்குச் செய்தது, ஓட்டிக்கொண்டே தொட வசதியாக இருக்காது.

இதோடு கமில்லாடிஎஸ்பி என்ற ஒலி திருத்தும் நிரலை ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள், என்னைக் கேட்டால் இத்தனை பாடும் அதற்காகத்தான். ஓட்டுநருக்கு ஒரு பக்க ஸ்பீக்கர் கிட்டே, மறுபக்கம் தூரம். வித்தியாசம் 60 செ.மீ. என்றால், ஒலி நொடிக்கு 343 மீட்டர் போவதால், கிட்டே இருக்கும் ஸ்பீக்கர் சுமார் 1.75 மில்லிசெகண்டு முந்திவிடுகிறது. அந்தச் சேனலை அவ்வளவு தாமதப்படுத்தினால், கதவோரமாக ஒட்டிக்கொண்டிருந்த பாடகர் டேஷ்போர்டின் நடுவில் வந்து நிற்பார். சாதாரண ஸ்டீரியோவில் இந்த வசதி மேல்வகை மாடல்களில்தான் இருக்கும். கூடவே கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், கதவு தகரம் அதிர்வதும் குறையும். மைக் வைத்து அளந்து ஈக்வலைசர் போடுவது தனிப் பைத்தியம், அதில் இறங்கினால் வார இறுதிகள் காணாமல் போகும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வருமா?

ஓப்பன்ஆட்டோ என்ற திறந்த மூல நிரல் இருக்கிறது, அதை வைத்துக் கட்டிய கிராங்க்ஷாஃப்ட் என்ற, கார்டில் அப்படியே எழுதிப் போடும் முழு இமேஜும் உண்டு. யுஎஸ்பியில் ஃபோனைச் செருகினால் வரும். ஆனால் இவை அதிகாரபூர்வமானவை அல்ல, ஃபோன் பக்கம் ஒரு அப்டேட் வந்தால் ஒரு நாள் நின்றுபோகலாம். கார்ப்ளேக்கு ஆப்பிளின் சான்றளிப்புச் சிப் வேண்டும், அதை உள்ளே வைத்திருக்கும் யுஎஸ்பி டாங்கிள் வழியாகத்தான் செய்கிறார்கள். வழி காட்டுவது மட்டும்தான் தேவை என்றால் ஃபோனை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.

புளூடூத்தில் பாட்டும் அழைப்பும்?

பாட்டு எளிது: ஏ2டிபி என்ற புளூடூத் ஒலி முறை, அதை ஓட்ட புளூஆல்சா அல்லது பைப்வயர் நிரல். புளூடூத்தின் அடிப்படை ஒலிச்சுருக்க முறையான எஸ்பிசி கோடெக்கே நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும், ஓடுகிற காரில் அதற்கு மேல் காதுக்குத் தெரியாது. பலகையை இரும்புப் பெட்டியில் அடைத்தால் மட்டும் சிக்னல் போய்விடும், ஆன்டெனா பலகை மேலேயே இருக்கிறது.

அழைப்பு வேறு கதை. உங்கள் ஸ்பீக்கர் சத்தம் உங்கள் மைக்கில் போய் எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும். எதிரொலி நீக்கம் பைப்வயரில் இருக்கிறது, ஓட்டலாம், ஆனால் ரெடிமேட் பெட்டி அளவுக்கு வராது. அழைப்பு உங்களுக்கு முக்கியம் என்றால் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

எஃப்எம்?

எஸ்ஐ4703 சிப் உள்ள சின்னப் பலகை அல்லது மென்பொருளால் ரேடியோ கேட்கவைக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் யுஎஸ்பி குச்சி. முதலாவது குறைந்த மின்சாரத்தில் நிலையத்தின் பெயர் வரை காட்டும். குச்சி அதிகம் செய்யும், சூடும் அதிகம், செயலியையும் தின்னும். காரின் ஆன்டெனாவுக்குள் பெருக்கி இருந்தால் நீல ஒயரில் 12 வோல்ட் கொடுக்க மறக்காதீர்கள், கொடுக்காவிட்டால் வெறும் இரைச்சல்தான் வரும். எச்டிஎம்ஐ கேபிளும் பக் கன்வர்ட்டரும் எஃப்எம் இருக்கும் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சலை அள்ளி வீசும், ரேடியோவை அவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

7 அங்குலத் திரை டபுள் டின் (டேஷ்போர்டில் ஸ்டீரியோவுக்கான பெரிய அளவு) ஓட்டையில் உட்காருமா?

ராஸ்பெர்ரி பையின் பழைய அதிகாரபூர்வ 7 அங்குலத் திரை உட்காராது. ஓட்டை ஏறக்குறைய 180க்கு 100 மிமீ, அந்தத் திரை 194க்கு 110. சட்டகத்தை வெளியே நீட்டி அச்சிட்டு மேலே ஒட்டவைக்கிறார்கள், அல்லது வேறு பேனல் தேடுகிறார்கள். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: வெளிச்சம், மென்பொருளால் வெளிச்சத்தைக் குறைக்க முடிகிறதா என்பது. மலிவான எச்டிஎம்ஐ திரைகளில் இரண்டாவது இருக்காது, இரவில் கண்ணைக் குத்தும். ஆரஞ்சு ஒயரை ஆப்டோகப்ளர் வழியாகப் படித்து, ஹெட்லைட் போட்டதும் மங்கச் செய்யலாம்.

ஒலி அளவுக்கு மட்டும் ஒரு நிஜக் குமிழ் வையுங்கள், தயவுசெய்து. சாலையிலிருந்து கண் எடுக்காமல் சத்தத்தைக் குறைக்க முடியாத ஸ்டீரியோவால் என்ன பயன்?

ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்யுமா?

பல கார்களில் ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸ், அவ்வளவுதான். பலகையில் அனலாக் உள்ளீடு இல்லாததால் அனலாக் அளவை எண்ணாக்கும் எம்சிபி3008 சிப் ஒன்று போட்டு, 3.3 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் இழுத்து, ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன எண் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேன் பஸ் (காரின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கம்பி இணைப்பு) வழியாக வரும் கார்களில் கேட்க மட்டும் என்ற நிலையில் இணையுங்கள். அந்தக் கம்பிகளில் எஞ்சினும் பிரேக்கும் பேசிக்கொண்டிருக்கலாம், தெரியாத செய்தியை அனுப்பிப் பார்க்கும் இடம் அதுவல்ல. ஏர்பேக் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

ரிவர்ஸ் கேமராவை இதில் இணைக்கலாமா?

முடியும், வேண்டாம். காரை எடுத்ததும் முதலில் ரிவர்ஸ்தான் போடுவோம், அப்போது பலகை இன்னும் எழுந்துகொண்டிருக்கும். யுஎஸ்பி கேப்சர் வழியாக வரும் படம் தாமதமாகவும் வரும். தனித் திரை வையுங்கள்.

எழுந்திருக்க அரை நிமிடம் ஆகிறதே?

டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு போடுங்கள், நெட்வொர்க்குக்குக் காத்திருக்கும் சேவையை நிறுத்துங்கள், சிஸ்டம்டி அனலைஸ் கட்டளை காட்டும் பட்டியலில் நேரம் தின்பவற்றை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். பத்து நொடிக்குப் பக்கத்தில் வரும். திரை வருவதற்கு முன்பே எம்பிடி பாடத் தொடங்கும்படி வரிசையை மாற்றினால் காத்திருப்பதே தெரியாது. தேவையானதை மட்டும் வைத்துக் கட்ட உதவும் பில்ட்ரூட்டில் தனி இமேஜ் கட்டினால் இன்னும் குறையும், பொறுமை இருந்தால்.

வெயிலில் நிறுத்திய காரில் தாங்குமா?

பலகை 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பாட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை லித்தியம் பேட்டரி. அணைக்கும் நேரத்துக்கு மட்டும் போதும் என்று சிலர் பவர் பேங்கையோ யுபிஎஸ் பலகையையோ டேஷ்போர்டுக்குள் வைக்கிறார்கள். சாதாரண லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது, வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். சூப்பர் கெப்பாசிட்டர் வையுங்கள் அல்லது மேலே சொன்ன ரிலே வழி. பலகையையே சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் சூடும் குறையும், டேஷ்போர்டில் இடமும் மிச்சம்.

தேதி எப்போதும் தவறாக இருக்கிறதே?

பை 4 வரை பலகையில் கடிகாரம் கிடையாது. டிஎஸ்3231 கடிகாரச் சிப் ஒன்று மாட்டுங்கள்.

காரை விற்கும்போது பழைய ஸ்டீரியோவைத் திரும்ப மாட்ட முடியுமா?

ஹார்னஸ் அடாப்டர் போட்டு, அசல் ஒயர் எதையும் வெட்டாமல் இருந்தால் அரை மணி நேர வேலை. பழைய ஸ்டீரியோவுக்குப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று கழற்றுவதற்கு முன்பே பாருங்கள், இருந்தால் எழுதி கார் புத்தகத்துக்குள் வையுங்கள். கழற்றிய திருகுகளை ஒரு கவரில் போட்டு அந்தப் பெட்டியின் மேலேயே டேப் ஒட்டிவிடுங்கள்.